இன்டர்காம் போட லைசென்ஸ் வேண்டுமா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுவில், தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



அஜெண்டாவில் நான்காவது பொருள், நம் இரண்டு பிளாக்குகளுக்கும் இன்டர்காம் அமைப்பது. எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டீ வந்துவிட்டால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களையும் செயலாளர் என்னிடம் கொடுத்தார். நாற்பது வீடு, வாட்ச்மேன் அறை, சங்க அலுவலகம், மோட்டார் அறை, இரண்டு லிப்ட். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கொட்டேஷனில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: 'லைசென்ஸ் மற்றும் பெர்மிட் செலவு, ரூ.38,000'. நம் கமிட்டி அந்த கான்ட்ராக்டரிடம் வயர் விலையில் மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைக்கப் பேசியிருக்கிறது. கருவிக்குக் கூடுதல் ஒரு வருடம் வாரண்டி கேட்டிருக்கிறது. இந்த 38,000-ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. இது சிவகாசி. நம் வீடுகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று பிழைக்கிறவர்கள். ஒரு ஆலையைப் பற்றிப் பேசும்போதே 'அது நாக்பூர் லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று ஜாதகம் மாதிரி சொல்லித்தான் ஆரம்பிப்போம். எந்த லைசென்ஸ் என்பதை வைத்து எவ்வளவு சரக்கு, எந்த ரகம், அறைக்கு எத்தனை ஆள், அறைக்கும் அறைக்கும் எத்தனை மீட்டர் எல்லாம் தெரிந்துவிடும். லைசென்ஸ் ரத்து என்றால் முந்நூறு வீட்டில் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாளில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தால் அதைக் கேள்வி கேட்கும் பழக்கமே நமக்கு இல்லை.

நான் அந்த கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்டேன். எந்த அலுவலகத்தில் வாங்கும் லைசென்ஸ்? யார் பெயரில் வரும்? ரசீது சங்கத்துக்குக் கிடைக்குமா? 'அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்' என்றார். மூன்று கேள்விக்கும் அதே பதில்தான்.

ஆகவே இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். கட்டடத்துக்குள் ஓடும் சாதாரண வயர் இன்டர்காமுக்கு நாம் பயப்படுகிற மாதிரி ஒரு பெரிய லைசென்ஸ் கிடையாது. ஆனால் அதைச் சுற்றி நான்கைந்து சின்ன அனுமதிகள், சான்றுகள் உண்டு. அவற்றைப் பற்றி மூன்று கொட்டேஷனிலும் ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்சம் பழைய கதை. 1885-இல் வெள்ளைக்காரன் போட்ட தந்திச் சட்டம், தந்தி அமைக்கிற, நடத்துகிற தனி உரிமை அரசாங்கத்துக்குத்தான் என்றது. தந்தி என்ற சொல்லுக்குள் பிறகு தொலைபேசியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மேஜை மேல் இருக்கும் போன் கருவிகூட இலாகாவுடையது. மாடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும், மாதா மாதம் அதற்கு வாடகை கட்ட வேண்டும். 1984-இல் சி-டாட் நிறுவனம் தொடங்கி, உள்நாட்டிலேயே சின்ன எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைத்து, அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியார் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த பிறகுதான் லாட்ஜ், ஆஸ்பத்திரி, மில் எல்லாவற்றிலும் இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகள் வந்தன. இப்போது 2023-ஆம் வருடத்துத் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் அதன் பிரிவுகளைப் பகுதி பகுதியாக நடைமுறைப்படுத்துகிறார்கள்.

சட்டம் மாறினாலும் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஒரே வளாகத்துக்குள், நம் சுவருக்குள், வெளி லைனோடு சேராமல் ஓடும் வயர் இன்டர்காமுக்காகக் குடியிருப்போர் சங்கம் தொலைத்தொடர்புத் துறையில் போய் லைசென்ஸ் வாங்கும் நடைமுறை இல்லை. கட்டட அனுமதியையும் இது தொடவில்லை. நம் கட்டடம் தரைத்தளத்தில் வண்டி நிறுத்தம், மேலே ஐந்து தளம். 2019-ஆம் வருடத்துத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சொல்லும் 18.30 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, அதனால் உயர்மாடிக் கட்டடம் என்ற வகையில் வராது. தூணையும் உத்தரத்தையும் துளைக்காமல் பைப் ஓட்டுகிற வரை மாநகராட்சியில் வரைபடம் கொடுக்க ஒன்றுமில்லை. படிக்கட்டு, டக்ட் எல்லாம் பொது இடம் என்பதால் நம் பொதுக்குழுத் தீர்மானம் வேண்டும். அதற்குத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

இனி, எங்கே அனுமதி நிஜமாகவே தேவைப்படுகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, தெரு. எதிர்ச்சாரியில் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் பார்க்கிங் இடத்துக்கும் ஒரு இணைப்பு வேண்டும் என்று பி பிளாக்கில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை, ராத்திரி அங்கே ஒரு வாட்ச்மேன் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆனால் வயர் நம் காம்பவுண்டைத் தாண்டியவுடன் அது வேறு விஷயம். மேலே போனால், கேபிள் டிவிக்காரர் மாதிரி மின் கம்பத்தில் கட்டிவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். மின்வாரியத்தின் கம்பத்தை அவர்கள் எழுத்து மூலம் சம்மதிக்காமல் யாரும் தொடக்கூடாது. தாழ்வாகத் தொங்கும் ஒரு வயர் மின்கம்பியில் உரசினால், வாட்ச்மேன் கையில் இருக்கும் ரிசீவரில் மின்சாரம் வரும். கீழே போனால் ரோட்டை வெட்ட வேண்டும். 2021-இல் சிவகாசியும் திருத்தங்கலும் சேர்ந்து மாநகராட்சி ஆனதிலிருந்து நம் தெரு மாநகராட்சித் தெரு. வெட்டவும், வெட்டியதை மூடவும் அங்கே அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். நெடுஞ்சாலைத் துறை ரோடு என்றால் அந்தத் துறையில் கேட்க வேண்டும். ஒரே ஒரு போனுக்காக இவ்வளவும் வேண்டுமா என்று பாருங்கள். அந்த வாட்ச்மேனுக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு சாதாரண செல்போன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை.

செல்போன் எதற்கு, வாக்கி டாக்கி வாங்கிவிடலாமே என்று ஏ பிளாக் தம்பி ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ஜோடி 2,000 ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது, ஐந்து கிலோமீட்டர் வரை பேசலாம் என்று படமும் போட்டார். இதை நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மொத்தத் திட்டத்திலும் சட்டப்படி மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான்.

வயர் வேறு, வானலை வேறு. 1933-இல் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். பேச வேண்டும் என்றுகூட இல்லை, அலமாரியில் இருந்தாலும் போதும். பிறகு சில அலைவரிசைகளுக்கு மட்டும் அரசு விலக்குக் கொடுத்தது. வீட்டு வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டது. வாக்கி டாக்கி வகையில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பட்டைக்கு, குறைந்த திறன் உள்ள கருவிகளுக்கு 2018-இல் விலக்கு வந்தது. கருவிக்கு, கம்பியில்லாத் தகவல்தொடர்பைக் கவனிக்கும் மத்திய அரசுப் பிரிவின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இ.டி.ஏ. என்பார்கள். ஆன்லைனில் விற்கும் பலவற்றில் எந்த அலைவரிசை என்றே போட்டிருக்காது. போலீசும் தீயணைப்புத் துறையும் பேசிக்கொள்ளும் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே பேசக்கூடிய கருவியும் அதில் இருக்கும். இதனால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அலைவரிசையும் ஒப்புதலும் காட்டாமல் வாக்கி டாக்கி விற்கக்கூடாது என்று ஆன்லைன் நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது.

நம்மூரில் இதற்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. ஆலைகளில் வேலைக்குப் போகிறவர்களிடம் செல்போனை வாசலிலேயே வாங்கி வைப்பது எதற்காக? மருந்து இருக்கும் இடத்தில் பொறி கிளப்பக்கூடிய எதுவும் வேண்டாம் என்பதற்காக. நம் குடியிருப்பில் ஃபோர்மேன் வேலை பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வாக்கி டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு வாட்ச்மேன் சரக்கு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. சட்டம் அனுமதித்தாலும் சம்மதம் இல்லை.

அடுத்தது கருவி. 2017-இல் தந்தி விதிகளைத் திருத்தி, தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அதன் முதல் கட்டப் பட்டியல் 2019 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலேயே இ.பி.ஏ.பி.எக்ஸ். வகைப் பெட்டியும் கார்ட்லெஸ் போனும் இருக்கின்றன. சான்று கொடுப்பது மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம். இது தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் வாங்க வேண்டிய சான்று, சங்கம் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. நாம் செய்ய வேண்டியது, பில் கொடுக்கும்போது அந்த மாடலுக்கான சான்று நகலைக் கேட்பது. பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணும் சான்றில் இருக்கும் மாடல் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்று கொட்டேஷனில் இரண்டில் மாடல் எண்ணே இல்லை, 'நல்ல கம்பெனி எக்ஸ்சேஞ்ச்' என்று எழுதியிருக்கிறார்கள்.

வெளி லைன் சேர்ப்பதாக இருந்தால், அதாவது இன்டர்காமிலிருந்தே 108-க்கும் 101-க்கும் பேச வேண்டுமென்றால், சேவை தரும் நிறுவனத்திடம் சங்கத்தின் பெயரில் ஒரு லைன் வாங்கி, அதை நம் பெட்டியில் சேர்க்கப்போவதாக விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சிம் போடும் பெட்டி என்றால் சிம் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கான்ட்ராக்டர் தன் சிம்மைப் போட்டுவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள். நாளைக்கு அதிலிருந்து யார் யாருக்குப் பேசினார்கள் என்று விசாரணை வந்தால் கருவி நம் சுவரில் மாட்டியிருக்கும்.

மின் வேலை. இன்டர்காம் வயரில் ஓடுவது சின்ன மின்னழுத்தம், ஆனால் பெட்டிக்குப் போவது 230 வோல்ட். பொது மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, எர்த் போட்டு, பிரேக்கர் வைக்க வேண்டும். அந்த வேலையை லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையில், தகுதிச் சான்று உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். 'எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது' என்று மூவருமே சொல்கிறார்கள். ஒருவர் நகலும் கொடுத்திருக்கிறார். அதில் இருக்கும் பெயர் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, தெரிந்தவருடைய லைசென்ஸ், அதை வைத்துத்தான் வேலை எடுக்கிறோம் என்றார்.

இந்த ஏற்பாட்டுக்கு நம்மூரில் பெயர் உண்டு, எல்லோருக்கும் தெரியும். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், உள்ளே அறை அறையாகக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு ஆட்கள் என்பது பிறகு விசாரணையில் வெளியே வந்தது. சுவரில் மாட்டியிருந்த தாள் சரியான தாள்தான், அந்தத் தாளில் பெயர் இருந்தவர் வேலை நடக்கும் இடத்தில் இல்லை. நாற்பது வீட்டு இன்டர்காமை அதோடு ஒப்பிடுவது அதிகம் என்று நினைக்கலாம். மீட்டர் போர்டு எரிந்தால் புகை போகிற வழி நம் படிக்கட்டுதான். ஆகவே லைசென்ஸ் யார் பெயரிலோ அவரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வேலை நடக்கும் நாளில் ஒரு முறையாவது வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் அடுத்த கொட்டேஷனைப் பார்ப்போம்.

லிப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் லிப்ட்டுகளுக்கு 1997-ஆம் வருடத்துத் தமிழ்நாடு லிப்ட் சட்டப்படி மின் ஆய்வுத் துறையின் லைசென்ஸ் இருக்கிறது. கேபினுக்குள் போன் வைக்க அதன் டிராவலிங் கேபிளில் இன்டர்காம்காரர் கை வைக்கக்கூடாது. லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தின் ஆள்தான் செய்ய வேண்டும், மாற்றம் என்ன என்று நம் பக்கமிருந்து ஆய்வாளருக்கு ஒரு கடிதம் போய்விட வேண்டும். இரண்டு லிப்ட் நிறுவனத்திடமும் செயலாளர் பேசிவிட்டார், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது முன்புறக் கடைகளைப் பற்றி. இது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன்.

காம்பவுண்டு ஓரமாக நம் சங்கத்துக்குச் சொந்தமான தனிக் கட்டடத்தில் நான்கு கடைகள் இருக்கின்றன. நான்காவது கடையை எடுத்திருக்கும் அண்ணாச்சி நிரந்தரப் பட்டாசுக் கடை லைசென்ஸ் வாங்கப்போகிறார். தன் கடைக்கும் ஒரு இன்டர்காம் இணைப்பு வேண்டும், ஏதாவது என்றால் வாட்ச்மேனை உடனே கூப்பிடலாமே என்கிறார். அவர் கேட்பது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் 2008-ஆம் வருடத்து வெடிபொருள் விதிகளில் நிரந்தரப் பட்டாசுக் கடை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தரைத்தளத்தில் இருக்க வேண்டும், மேலே ஆள் குடியிருக்கக் கூடாது. மற்றப் பகுதியிலிருந்து கெட்டியான சுவரால் முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கட்டடத்தின் மற்றப் பகுதியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இந்த இடத்தில் தொடர்பு என்றால் போன் தொடர்பு என்று அர்த்தமில்லை, கதவு, ஜன்னல், துவாரம் என்று அர்த்தம். ஆனால் இன்டர்காம் வயரை மூன்றாவது கடையிலிருந்து நான்காவது கடைக்குக் கொண்டுபோக முதலில் போடுவதே துவாரம்தானே! தீப்பொறி கிளப்பக்கூடிய மின் கருவியோ பேட்டரியோ உள்ளே வைக்கக் கூடாது, வயரிங் எல்லாம் நிலையாக, பைப்புக்குள் மூடி இருக்க வேண்டும், மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

அதனால் அந்தக் கடைக்குள் நாம் எதையும் மாட்ட வேண்டாம், நடுச்சுவரைத் துளைக்கவும் வேண்டாம். அண்ணாச்சிக்கு ஒரு வழி இருக்கிறது. கடைகளுக்கு எதிரே, காம்பவுண்டு கேட் தூணில், தள்ளி வெளியே ஒரு பொது இன்டர்காம் வைக்கலாம். நான்கு கடைக்காரர்களுக்கும் அது உதவும். கடைக்குள்தான் வேண்டுமென்றால் அவர் லைசென்ஸ் கேட்கும் அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வரட்டும். இடத்தின் சொந்தக்காரர் என்ற முறையில் சங்கத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், நமக்கு இன்டர்காம் எதற்கு என்பதையே இதுவரை யாரும் பேசவில்லை. கூரியர் வந்தால் கூப்பிட, பால்காரரைக் கேட்க என்றுதான் குழுவில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு செல்போன் போதும். இந்த ஊரில் நாற்பது வீட்டை ஒரே நேரத்தில் எழுப்ப ஒரு வழி வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

2016 அக்டோபர் 20 நம்மில் எல்லோருக்கும் நினைவிருக்கும். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு. ஊருக்குள்ளேயே, பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும் இடத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் பெரும்பாலும் பட்டாசு வேலையில் இருந்தவர்கள் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஸ்கேன் எடுக்க வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும்தான். நெருப்பு அவர்களிடம் போகவில்லை, புகை போனது. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்க வந்த இடத்தில், பக்கத்து வாசலில் என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. அதற்குப் பிறகும் நம் கட்டடத்தில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் செய்தி போவது கதவைத் தட்டித்தான்.

இதை மனதில் வைத்துக் கொட்டேஷனைப் பாருங்கள். மூவரும் சொல்லியிருக்கும் பெட்டியில் வாட்ச்மேன் ஒவ்வொரு வீடாகத்தான் கூப்பிட முடியும். எண்ணை அழுத்தி, மணி அடித்து, எடுத்து, சொல்லி முடிக்க வீட்டுக்கு இருபது வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வீட்டுக்கு 800 வினாடி, அதாவது 13 நிமிடத்துக்கும் மேலே. ஐந்தாவது மாடிக்காரருக்குச் செய்தி போகும்போது படிக்கட்டு முழுக்கப் புகையாக இருக்கும். ஒரே பொத்தானில் எல்லா வீட்டிலும் மணி அடிக்கிற, ஒரு குரல் எல்லா இடத்திலும் கேட்கிற வசதி இருக்கும் பெட்டிகள் உண்டு. விலை கொஞ்சம் கூடும். அந்த 38,000-ஐ இதில் போட்டுவிடலாம்.

தீ என்றால் நாம் முதலில் செய்வது மெயினை இறக்குவது. மெயினை இறக்கியவுடன் இன்டர்காமும் செத்துவிட்டால் அது எதற்கு? பெட்டிக்குத் தனி பேட்டரி வேண்டும். அதுவும் இல்லாமல், மூன்று கொட்டேஷனிலும் பெட்டியை மீட்டர் போர்டு அறையில் மாட்டுவதாகப் போட்டிருக்கிறார்கள், வயர் மிச்சமாகும் என்று. நம் கட்டடத்தில் தீப்பிடிக்க அதிக வாய்ப்பு உள்ள இடமே அந்த அறைதான். சங்க அலுவலகத்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் கவனிக்காத வேலை. ஒவ்வொரு தளத்திலும் வயர் ஏற டக்ட்டில் துளை போடுவார்கள். இரண்டு அங்குல வயர் கட்டுக்கு நான்கு அங்குலத் துளை போட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டுப் போவது வழக்கம். கீழே புகை வந்தால் அந்தத் துளைகள்தான் புகைக்குப் படிக்கட்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு இப்படிப்பட்ட துளைகளைத் தீ தாங்கும் பொருளால் அடைக்கச் சொல்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு தளமாக டார்ச் அடித்துப் பார்த்து, அடைத்திருந்தால்தான் கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அதே நேரத்தில் இன்டர்காம் போட்டுவிட்டோம், தீ எச்சரிக்கைக் கருவி வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். புகையை மோப்பம் பிடிப்பது இன்டர்காமின் வேலை இல்லை. ஒரு ஆள் பார்த்துச் சொன்னால்தான் அது பேசும்.

வீடியோ வசதி வேண்டுமா என்று இரண்டு அம்மாமார்கள் கேட்டார்கள். வாசலில் நிற்பவர் முகம் தெரிவது நல்லதுதான். ஆனால் பதிவு செய்து வைக்கும் கேமரா என்றால், 2023-ஆம் வருடத்து எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவில் இருக்கட்டும். ஒருவர் தன் வீட்டுக்காக வைத்துக்கொள்வதற்கும் ஒரு சங்கம் நாற்பது வீட்டுக்கு வருகிறவர் போகிறவரைப் பதிவு செய்வதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. எத்தனை நாள் வைத்திருப்போம், யார் பார்க்கலாம் என்று முதலில் தீர்மானம் போட்டுவிட்டு அப்புறம் வாங்கலாம். இப்போதைக்குப் பேச்சு மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

ஆக, இன்றைய தீர்மானத்தில் நான் சேர்க்கச் சொல்வது: லைசென்ஸ் செலவு என்ற வரி இருக்கும் கொட்டேஷன்காரரிடம் அலுவலகத்தின் பெயர், கட்டணம், சங்கத்தின் பெயரில் ரசீது மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும், பத்து நாளில் பதில் வராவிட்டால் அந்த வரியை அடிக்க வேண்டும். கருவி மாடல் எண்ணும் சான்று நகலும் எல்லோரிடமும் கேட்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போகும் அழைப்பு, பேட்டரி, துளை அடைப்பு இந்த மூன்றையும் சேர்த்துப் புதிய கொட்டேஷன் வாங்க வேண்டும். பட்டாசுக் கடைக்கு உள்ளே இணைப்பு இல்லை, கேட் தூணில் பொது இணைப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டக்ட் வழியை அளக்க ஆள் வருகிறார். நானும் கூட வருகிறேன். ஏ பிளாக் மூன்றாவது தளத்தில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்களின் தொடர்பில் இருப்பவர்கள் சாவியைச் சனிக்கிழமைக்குள் செயலாளரிடம் கொடுத்துவிடும்படி சொல்லுங்கள். டக்ட்டுக்கு முன்னால் பழைய சைக்கிள், அட்டைப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதற்குள் எடுத்துவிடுங்கள். டீ வந்துவிட்டது. கேள்விகளைக் குடித்துக்கொண்டே கேட்கலாம்.